கரணம் தப்பினால் தண்ணீர்: ஜப்பானின் ‘சாசுகே’

தடைதாண்டும் போட்டிகள் இன்று பல நாட்டுத் தொலைக்காட்சிகளில் வெவ்வேறு பெயர்களில் வந்தாலும், அவற்றுக்கெல்லாம் மூலமான ‘சாசுகே’யைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மற்றவை சற்றுச் சப்பென்றுதான் இருக்கின்றன. ஜப்பானின் டிபிஎஸ் தொலைக்காட்சி 1997இல் தொடங்கிய இந்நிகழ்ச்சியில், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 100 பேர் களமிறங்குகிறார்கள். 2020 வரை நான்கு கட்டங்களையும் கடந்து உச்சியை எட்டியவர்கள் நால்வர் மட்டுமே. அவர்களில் இருவர் அதை இருமுறை செய்தவர்கள்.

என்னைக் கட்டிப்போடுவது மூன்றாம் கட்டம். அதில் கடிகாரம் ஓடுவதில்லை. சுமார் 3 சென்டிமீட்டர் அகலமே உள்ள விளிம்பை விரல் நுனிகளால் பற்றித் தொங்கியபடி பக்கவாட்டில் நகர்ந்து, அங்கிருந்து அடுத்த விளிம்புக்குத் தாவ வேண்டும். அப்போது முன்கை நரம்புகள் புடைப்பதையும் விரல்கள் ஒவ்வொன்றாக வழுக்குவதையும் கேமரா அருகிலிருந்து காட்டுகிறது. எதிராளி என்று எவரும் இல்லாததால் பார்ப்பவருக்கு யார் மீதும் பகை எழுவதில்லை; முன்பே விழுந்து உடை நனைந்து நிற்கும் போட்டியாளர்களே கரையிலிருந்து தொண்டை கிழியக் கத்தி ஊக்கமளிக்கிறார்கள். மீன்பிடிப் படகின் தலைவரான மகோதோ நகானோ, 2003இல் இறுதிக் கோபுரத்தின் உச்சியில் நூலிழையில் வெற்றியைத் தவறவிட்டு, 2006இல் அதை எட்டிப் பிடித்தார். அந்த இடைவெளியை அறிந்து பார்ப்பவருக்கே அவ்வெற்றியின் கனம் புரியும்.

குறை இல்லாமல் இல்லை. பல மணி நேரம் நீளும் ஒளிபரப்பிலும், பெயர் பெறாத போட்டியாளர்கள் பலரின் முயற்சியைச் சில நொடித் துணுக்குகளாக வெட்டிவிடுகிறார்கள். முதன்முறை வந்தவர் எந்தத் தடையில், ஏன் விழுந்தார் என்பதுகூடத் தெரிவதில்லை. 2009இல் தொடங்கிய அமெரிக்கப் பதிப்பு இதற்கு நேர்மாறாக, ஓட்டத்துக்கு முன்பே போட்டியாளரின் குடும்பக் கதையை உருக்கமான இசையோடு நீட்டி முழக்குகிறது. ஆயினும் 2014இல் டல்லாஸ் சுற்றில் கேசி கட்டன்சாரோ, பெண்களில் முதலாமவராக நகர இறுதிக் களத்தை முழுதும் கடந்த காட்சிக்காக அப்பதிப்பை நான் மன்னித்துவிடுவேன்.

புதிதாகப் பார்க்க விரும்புவோர், நகானோ வென்ற 17ஆவது போட்டியிலிருந்து தொடங்கலாம். வருணனை முழுவதும் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். கைப்பிடி நழுவும்போது வருணனையாளர் போடும் அலறலுக்கு மட்டும் அகராதி தேவைப்படாது.