டொயோட்டா டி-ஃபோர் கியர் ஆயில் டின்: ரங்கூன்ல பழைய புரோபாக்ஸ் ஓட்டறவங்களுக்காக

ரங்கூன் ட்ராஃபிக்ல ஆட்டோ கியர் வண்டி படற பாடு நமக்கெல்லாம் தெரியும், வெயில்ல நின்னு நின்னு ஊர்ந்து போறதுல கியர்பாக்ஸ் நல்லா சூடாயிடும், ஆனா எஞ்சின் ஆயில மறக்காம மாத்தற ஆளுங்க கூட கியர் ஆயில் குச்சிய, அதான் ஆயில் அளவு பாக்கற குச்சிய, உருவிப் பாக்கறது இல்ல. என் வண்டி 2005 மாடல் டொயோட்டா புரோபாக்ஸ், 4 ஸ்பீடு ஆட்டோ கியர். அதுக்கு ஜப்பான் டொயோட்டாவோட டி-ஃபோர் (T-IV) ஆட்டோ கியர் ஆயில், 4 லிட்டர் டின்தான் வாங்கி வச்சிருக்கேன். காசுக்கு முழுசா தகும்.

வாங்கறதுக்கு முன்னாடி குச்சியப் பாருங்க, என்ன ஆயில்னு அதுலயே எழுதியிருக்கும். டி-ஃபோர்னு இருந்தா டி-ஃபோர், டொயோட்டாவோட இன்னொரு வகையான டபிள்யூ-எஸ்னு (WS) இருந்தா டபிள்யூ-எஸ், ரெண்டையும் கலக்கவே கூடாது, டபிள்யூ-எஸ் இன்னும் தண்ணியான ஆயில். எல்லாம் செவப்புதானண்ணேன்னு டெக்ஸ்ரான்ங்கற வேற வகை கியர் ஆயில எடுத்து நீட்டுவாங்க கடையில, கேக்காதீங்க. பாட்டில்ல ஊத்தி விக்கற சில்லறை ஆயிலும் வேணாம், மூடி சீல் உடையாத டின்னா பாத்து வாங்குங்க.

ஆயில் நல்ல தெளிவான செவப்பு. கொறஞ்சிருந்த அளவ நிரப்புனதும், டி (D) கியர் போட்டா ஒரு நொடி யோசிச்சு டக்குனு இழுத்துட்டு இருந்த வண்டி இப்ப உடனே நகருது, மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் மட்டும் கத்திட்டு வண்டி போகாம இருந்ததும் நின்னுடுச்சு.

குறைன்னா டின்தான். 4 லிட்டர் டின்ன தூக்கி அந்த குச்சி போற சின்னக் குழாய்ல நேரா ஊத்தவே முடியாது, எஞ்சின் மேலயெல்லாம் வழியும். நீளமான ஒல்லி மூக்கு புனல் ஒண்ணு வாங்கிக்கோங்க, காஞ்ச சின்ன பாட்டில்ல கொஞ்சம் கொஞ்சமா மாத்தி ஊத்துங்க. மிச்சத்த இறுக்கி மூடி வைங்க, நம்ம ஊரு மழைக்கால ஈரம் உள்ள போச்சுன்னா ஆயில் கெட்டுடும்.

பாக்கற முறை முக்கியம். ஒரு இருபது நிமிஷம் ஓட்டி சூடானப்புறம் சமமான தரையில நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சின் ஓடிட்டே இருக்கணும், பிரேக்க மிதிச்சுக்கிட்டு பி-ல இருந்து எல் வரைக்கும் ஒவ்வொரு கியரா போட்டுட்டு திரும்ப பி-க்கு வரணும், அதுக்கப்புறம் குச்சிய உருவி தொடச்சு திரும்ப முழுசா சொருகி எடுத்துப் பாக்கணும். ஹாட்னு போட்டிருக்கிற ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஆயில் நிக்கணும். தொடைக்கறதுக்கு பழைய லோஞ்சிய (லுங்கிய) கிழிச்சு எடுக்காதீங்க, நூல் உள்ள போனா வால்வுல போய் மாட்டும், நூல் விடாத துணி இல்லன்னா நல்ல பேப்பர் போதும்.

கால் லிட்டருக்கும் கம்மியா ஊத்துங்க, திரும்பப் பாருங்க, திரும்ப ஊத்துங்க. பொறுமை வேணும் இதுக்கு. கோட்டுக்கு மேல போனா உள்ள சுத்தற பாகம் ஆயில நுரை ஆக்கிடும், நுரையில பிரஷர் வராது, கொறஞ்சிருந்தா எஞ்சின் மட்டும் கத்திட்டு வண்டி போகாத அதே ஸ்லிப் இதுலயும் வரும்.

இன்னொண்ணு, கியர் ஆயில் எரிஞ்சு தீர்ற ஆயில் இல்ல. கொறஞ்சிருக்குன்னா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம், காலையில வண்டிக்கு கீழ செவப்பா சொட்டு இருக்கான்னு பாருங்க. கருப்பாகி கருகின வாசனை அடிச்சா, இல்ல பால் கலந்த மாதிரி ரோஸ் கலர்ல இருந்தா நிரப்பி ஒரு பிரயோஜனமும் இல்ல, ரோஸ் கலர்னா தண்ணி கலந்திருக்கு, ரேடியேட்டர் வழியா கூட வரலாம், நேரா மெக்கானிக்கிட்ட போங்க.

குச்சியே இல்லாத டொயோட்டாவும் இருக்கு, அதுல கீழ இருக்கிற பிளக்க கழட்டி ஆயில் சூட்ட அளந்துதான் லெவல் பாக்கணும், அது வீட்டு வாசல்ல செய்யற வேலை இல்ல. சிவிடி கியர் (பெல்ட்ல ஓடற ஆட்டோ கியர்) வச்ச ஹோண்டா ஃபிட்காரங்க இந்த டின் பக்கமே போகாதீங்க, உங்க வண்டிக்கு சிவிடி ஆயில்னு தனியா இருக்கு.