ஒரே நாளில் ட்ரெயில் ஓட்டமும் ஓரியன்டீரிங்கும்: எதை முதலில் ஓடுவது?

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 10 கிலோமீட்டர் ட்ரெயில் ஓட்டத்துக்கும் (மண்தடத்தில் ஓடுவது) ஓரியன்டீரிங்குக்கும் (மேப்பும் காம்பஸும் வைத்துக்கொண்டு குறித்த இடங்களைத் தேடி ஓடுவது) சேர்த்துப் பேர் கொடுத்தாகிவிட்டது. இனி வரிசைதான் கேள்வி. விடிகாலையில் ட்ரெயிலை முடித்துக்கொண்டு அப்படியே போய் மேப்பை வாங்குவதா, காலையில் மேப், மாலையில் ட்ரெயில் என்று பிரிப்பதா? சென்னையில் யாரைக் கேட்டாலும் "வெயிலுக்கு முன்னாடி ஓட்டத்தை முடிச்சிடு" என்பார்கள். மீஞ்சூர், எண்ணூர், செங்குன்றம் பக்கத்துத் தரைக்கு இரண்டாவது வரிசைதான் சரி என்பது என் கட்சி.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்ததுதான். ட்ரெயிலில் ரிப்பன் கட்டியிருக்கும், எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள், முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஓரியன்டீரிங்கில் ஒவ்வொருவராக விடுவார்கள். மேப்பில் தொடக்கத்துக்கு முக்கோணம், கன்ட்ரோல்களுக்கு (கொடி தொங்கும், தேடிப் போக வேண்டிய இடங்கள்) வட்டம், முடிவுக்கு இரட்டை வட்டம். நடுவில் எப்படிப் போவது என்பது உங்கள் பாடு. கன்ட்ரோலுக்கு வந்ததற்கு அடையாளமாக அங்கே பன்ச் செய்ய வேண்டும்; ஒன்றைத் தவறாகப் பன்ச் செய்தால் எவ்வளவு வேகமாக வந்தாலும் கணக்கில் சேராது.

முதலில் ட்ரெயில் என்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் இங்கே சூரியன் வர ஆறரை ஆகும். ஆறு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் 10 கிலோமீட்டர் முடிந்துவிடும். ஓரியன்டீரிங்கில் கிளம்பும் நேரத்துக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேர இடைவெளி கொடுப்பதால் கடைசி நேரத்தைக் கேட்டு வாங்கலாம். போக்குவரத்தும் ஒரே தடவையோடு போச்சு. ட்ரெயிலில் நல்ல டைமிங்தான் குறி, மேப் சும்மா ஆசைக்கு என்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம், அப்படியே செய்யுங்கள்.

இரண்டிலும் உருப்படியாக முடிக்க வேண்டும் என்றால்தான் கணக்கு மாறுகிறது. காரணம் ஒன்றே ஒன்று: அடிக்கணக்கு, அதாவது தூரத்தைக் காலடி எண்ணி அளப்பது.

ஆந்திரப் பக்கத்து நாகலாபுரம் மாதிரி மலையில், தரையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் பழுப்புநிறக் காண்டூர் கோடுகளே வழி சொல்லும். இங்கே கீழே இறங்குகிறேனா, வலப்பக்கம் சரிகிறதா என்று காலுக்கே தெரியும். வடசென்னையைத் தாண்டிய கடலோரத் தரை அப்படியில்லை. 5 மீட்டர் உயர இடைவெளியில் காண்டூர் வரைந்தால் மேப் முழுக்கத் தேடினாலும் ஒரு கோடு கிடைத்தால் பெரிது. கையில் மிஞ்சுவது ஏரிக்கரை, வாய்க்கால், வண்டித்தடம், பனை வரிசை, வேலிகாத்தான் புதர் தொடங்கும் விளிம்பு, அவ்வளவுதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக காம்பஸ் திசையும், எத்தனை அடி வைத்தோம் என்ற எண்ணிக்கையும் மட்டுமே துணை.

ஒரு உதாரணம். புதருக்குள் மெதுவாக ஓடும்போது, இடதுகால் தரையில் படுவதை மட்டும் எண்ணினால் உங்களுக்கு 100 மீட்டருக்கு 40 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1:10,000 மேப்பில் ஒரு சென்டிமீட்டர் என்பது 100 மீட்டர். அடுத்த கன்ட்ரோல் 3 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் 120 எண்ண வேண்டும். அதே ஆள் 10 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தால் காலடி குறுகி 100 மீட்டருக்கு 45 ஆகிவிடும். ஆனால் மனதில் இருப்பது பழைய 40தான். 120 எண்ணி நிற்கும்போது அவர் வந்திருப்பது 267 மீட்டர்; இன்னும் 33 மீட்டர் பாக்கி. திசையும் 5 பாகை பிசகியிருந்தால் பக்கவாட்டில் இன்னொரு 25 மீட்டர் போச்சு. திறந்தவெளியில் இதெல்லாம் ஒரு பிழையே இல்லை, கண்ணை ஓட்டினால் ஆரஞ்சு வெள்ளைக் கொடி தெரிந்துவிடும். வேலிகாத்தான் புதருக்குள் பார்வை 15, 20 மீட்டர்தான் எட்டும். கொடியோ பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர். அதுவும் புதருக்குப் பின்னால், பள்ளத்துக்குள் தொங்கும்.

அப்புறம் நடப்பதுதான் நேரத்தைத் தின்னும். களைத்த ஆள் நின்று யோசிக்க மாட்டார், சுற்ற ஆரம்பிப்பார். நாலு சுற்று சுற்றியதும் எந்தப் பக்கம் இருந்து வந்தோம் என்பதே மறந்துபோகும். உறுதியாகத் தெரிந்த ஒரு இடத்துக்கு, அநேகமாக ஏரிக்கரைக்கு, திரும்பிப் போய் மறுபடி எண்ணிக்கொண்டு வர ஆறு முதல் எட்டு நிமிடம். களைப்பில் கன்ட்ரோல் நம்பரைச் சரிபார்க்காமல் பன்ச் செய்வதும் நடக்கும். 47க்குப் பக்கத்தில் 74 தொங்கினால் கதை முடிந்தது. மேப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நேர் எதிர்த்திசையில் கிளம்புகிறவர்களும் உண்டு, அவர்கள் புது ஆட்களாக இருக்க வேண்டும் என்றில்லை.

இப்போது மறுபக்கத்தை எடுங்கள். காலையில் 5, 6 கிலோமீட்டர் ஓரியன்டீரிங் ஓடிய கால்களோடு மாலையில் ட்ரெயில் போனால் கிலோமீட்டருக்கு 20, 30 வினாடி பின்தங்கும். பத்துக்கும் சேர்த்து சுமார் மூன்றேகாலிலிருந்து ஐந்து நிமிடம். ஒரே ஒரு கன்ட்ரோலைத் தவறவிட்டால் அதைவிட அதிகமாகப் போய்விடுகிறது. ட்ரெயிலில் களைப்பு சில நிமிடங்களோடு விட்டுவிடும், மேப்பில் மொத்தப் போட்டியையும் எடுத்துக்கொள்ளும்.

காலை-மாலை வரிசையின் இன்னொரு வசதி நடுவில் கிடைக்கும் ஐந்தாறு மணி நேரம். அதை வீணாக்காமல் இருக்க வேண்டும். போட்டிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, இரண்டு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒரு லிட்டருக்கு ஒன்று என்றால் ஒன்றுதான். அரை பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குடிக்கிறவர்களுக்கு வயிறு பிரட்டுவதில் ஆச்சரியமில்லை. எட்டு மணி நேரத்துக்குள் மறுபடி ஓடுவதானால் முதல் நாலு மணி நேரமும் மணிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு உணவியலில் வழக்கமான கணக்கு. 65 கிலோ ஆளுக்கு மணிக்கு 65 கிராம், அதாவது ஒரு கப் தயிர்சாதமும் ஒரு வாழைப்பழமும். பெரிய சாப்பாடு மதியம் ஒன்றரை மணிக்குள் முடிந்துவிட வேண்டும், அதன் பிறகு பழமோ கடலை மிட்டாயோ போதும். அத்தோவை (வடசென்னையின் பர்மா நூடுல்ஸ்) ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் வறுத்த பூண்டும் வெங்காயமும் ஆறாவது கிலோமீட்டரில் ஏப்பமாகத் திரும்பி வரும்.

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்கள் இடையில் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டுப் போகலாம், கும்மிடிப்பூண்டி லைனில் மீஞ்சூரிலிருந்து சுமார் அரை மணி நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு என்பதால் திரும்பும் வண்டியை முதலிலேயே பார்த்து வைக்கவும். பைக் வேண்டவே வேண்டாம். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மணலி ரோட்டில் போய்வருவதும் ஒரு போட்டிதான்.

குறைகளும் இருக்கின்றன. இரண்டு மணிக்கு மேல் தொடையும் கெண்டைக்காலும் இறுகிப்போகும். கிளம்புவதற்கு முன் 15 நிமிடம் வேக நடை கட்டாயம். காலையில் முள் கிழித்த இடத்தில் மாலை வியர்வை பட்டால் எரியும், அதனால் ஓரியன்டீரிங்குக்கு முழுக்கால் மூடிய உடை. நாலு மணிக்குக் கிளம்பினால் ஜனவரியில் இருட்டுவதற்குள் முடிக்கலாம், ஆனாலும் இடுப்புப் பையில் ஹெட்லேம்ப் இருக்கட்டும். மார்ச் பாதிக்கு மேல் நாலு மணி வெயிலில் 10 கிலோமீட்டர் என்பது வேறு சமாச்சாரம், அப்போது இந்த வரிசையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ட்ரெயில் 20 கிலோமீட்டரைத் தாண்டினாலும் இந்தக் கணக்கை அப்படியே பொருத்த வேண்டாம். நான் சொல்வது 10, 12 கிலோமீட்டருக்கு.

ஷூவில் கஞ்சத்தனம் கூடாது, இரண்டு ஜோடி வேண்டும். வேலிகாத்தான் முள் அடிப்பகுதி நுரையில் குத்தி உடைந்து உள்ளேயே நிற்கும். அப்போது தெரியாது. மூன்று நாலு கிலோமீட்டர் மிதித்த பிறகு மேலே ஏறி உள்ளங்காலில் குத்தும். ஒரே ஜோடிதான் இருக்கிறது என்றால் இடைவேளையில் இன்சோலைக் கழற்றி உள்ளே கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பாருங்கள், நுனி தட்டுப்பட்டால் வெளிப்பக்கமிருந்து கட்டிங் பிளேயரால் பிடுங்குங்கள். கழிமுகப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று: மேலே காய்ந்து வெடித்திருக்கும் தரைக்கு அடியில் சேறு இருக்கும், முழங்கால் வரை இழுக்கும். மேப்பில் நேர்கோடு குறுக்குவழி மாதிரித் தெரிந்தாலும் கரைமேல் சுற்றிப் போவதுதான் வேகம். மழைக்காலத்துக்கு முன் வரைந்த மேப் என்றால், புதரின் அடர்த்தியைக் காட்டும் பச்சை நிறத்தை ஒரு படி கூட்டியே படியுங்கள். ஜனவரியில் புதர் அடர்ந்திருக்கும், வெறும் பள்ளமாக இருந்ததில் தண்ணீர் நிற்கும்.

மாலை ட்ரெயிலே இல்லை, காலையில்தான் ஓடியாக வேண்டும் என்ற நிலையும் வரும். அப்போது ட்ரெயிலைப் பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே போகிற வேகத்தில் முடியுங்கள், மேப்பில் ஒரு படி சுலபமான கோர்ஸுக்கு மாற்றிக் கேளுங்கள், முதல் கன்ட்ரோலுக்கு நடந்தே போங்கள். நேராகப் புதரில் இறங்காமல் கரையையோ வாய்க்காலையோ பிடித்துக்கொண்டு போய், கன்ட்ரோலுக்கு 50, 60 மீட்டர் இருக்கும்போது மட்டும் உள்ளே திரும்பினால் எண்ண வேண்டிய தூரம் சுருங்கிவிடும். முக்கியமாக, அடிக்கணக்கை அங்கேயே புதிதாக எடுங்கள். பையில் 20 மீட்டர் நைலான் கயிறு ஒன்று இருந்தால் போதும். கிளம்பும் இடத்துக்கு வெளியே, போட்டி நடக்கும் தரை மாதிரியே கரடுமுரடான இடமாகப் பார்த்து, ஐந்து கயிறு நீளம் அளந்து இரண்டு முறை ஓடி எண்ணுங்கள். 45 வந்தால் பால்பாயின்ட் பேனாவால் கையில் 45 என்றே எழுதிக்கொள்ளுங்கள். போன வாரம் பயிற்சியில் வந்த 40 இன்றைக்கு உதவாது.