மைனஸ் 30 குளிர் தாங்கும் ஜாக்கெட்டாம்! 14,750 ரூபாய் போச்சு, யாரும் ஏமாறாதீங்க

முந்தாநாள் ராத்திரி தம்பி வீடியோ காலில் வந்தான். நான் வாங்கி அனுப்பிய நீல ஜாக்கெட்டின் கக்கத்துத் தையலை விரித்துக் காட்டினான். விற்றவர் சொன்ன வாத்து இறகு உள்ளே இல்லை. தலையணையில் அடைப்பார்களே, அந்த வெள்ளைச் செயற்கைப் பஞ்சு. அதுவும் உருண்டு உருண்டு ஓரத்தில் ஒதுங்கி, முதுகுப் பக்கம் வெறும் துணிதான். "இதுக்கா அக்கா பதினாலாயிரம் குடுத்த?" என்றான். பதினாலாயிரம் இல்லை, 14,750. சொல்லும்போதே வயிறு எரிகிறது.

நாங்கள் கடலூர், மஞ்சக்குப்பம். மார்கழியில் 20 டிகிரி வந்தாலே காதை மூடி மப்ளர் கட்டுகிற ஜனம். தம்பி ரோடு போடும் கம்பெனியில் சர்வேயர். அக்டோபரில் திடீரென்று லடாக்கில் திராஸ் பக்கம் போஸ்டிங் போட்டுவிட்டார்கள். 3,200 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், குளிர்காலத்தில் மைனஸ் 20 எல்லாம் அங்கே சாதாரணம். கிளம்ப 12 நாள்தான் இருந்தது. லாரன்ஸ் ரோட்டில் கேட்டால் ஸ்வெட்டரை எடுத்துப் போடுகிறார்கள். பாண்டி சண்டே மார்க்கெட் முழுக்க அலைந்ததில் ஒரு குரங்குக் குல்லாதான் மிச்சம்.

அப்போதுதான் ஒரு ஷாப்பிங் ஆப்பில் லைவில் உட்கார்ந்து குளிர் உடுப்பு விற்கிற ஒருத்தரைப் பார்த்தேன். தமிழ்தான் பேசினார். மெசேஜ் போட்டதும் அவரே வீடியோ காலில் வந்தார். "தம்பி கால் சைஸ் என்னக்கா? எட்டா? ஒன்பது எடுங்க. உள்ளே கனமான கம்பளி சாக்ஸ் போடணும். ஷூ இறுக்கிப் பிடிச்சா ரத்த ஓட்டம் குறைஞ்சு விரல் மரத்துப் போயிடும்." நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார். காட்டன் பனியன் வேண்டாம், அது வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரமே உடம்பைச் சில்லிட வைத்துவிடும் என்றார். உடம்போடு ஒட்டினாற்போல் கம்பளி இன்னர், அதன் மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற சட்டை, அதுக்கும் மேல் காற்று புகாத ஜாக்கெட், இதுதான் வரிசையாம். போய் இறங்கினதும் ரெண்டு நாள் எந்த வேலையும் செய்யாமல் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள், அங்கே மூச்சு வாங்கும் என்றும் சொன்னார். அப்புறம் ஒரு செம்புத் தண்ணியை ஜாக்கெட் மேல் ஊற்றி, உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு சொட்டு இறங்கவில்லை. "மைனஸ் 30 வரைக்கும் நான் கேரண்டிக்கா."

அங்கேதான் விழுந்தேன். ஆப்பில் போட்டால் 17,900, நேராக ஜிபேயில் போட்டால் ஜாக்கெட், ஷூ, கையுறை எல்லாம் சேர்த்து 14,750 என்றார். என் வீட்டுக்காரர், "ஆப்லயே போடேன், எதுக்கு அவசரம்?" என்று அப்போதே சொன்னார். "இவ்வளவு விவரமா சொல்றவர் ஏமாத்துவாரா?" என்று நான் அவர் வாயை அடைத்தேன். இப்போது அந்த மனுஷர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்கே தனியாக 14,750 கொடுக்கலாம்.

பார்சல் ஒன்பதாம் நாள் வந்தது. அம்மா ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "வேர்த்து ஊத்துதுடி, நல்லா கதகதன்னு இருக்கு" என்றார்கள். கடலூரில் ஃபேனுக்குக் கீழே நின்றுகொண்டு கோணிப்பையைப் போர்த்தினாலும்தான் வேர்க்கும். எங்களுக்கு அது உறைக்கவில்லை.

அங்கே இப்பவே ராத்திரி மைனஸில்தான் ஓடுகிறது. பக்கெட் தண்ணி மேல் காலையில் கண்ணாடி மாதிரி ஐஸ், பேஸ்ட் டியூபை அக்குளில் வைத்துச் சூடாக்கித்தான் பிதுக்க முடிகிறது. நாற்பது சதவீதம் காட்டுகிற போன், வெளியே எடுத்தால் பொசுக்கென்று அணைந்துவிடுகிறதாம். ஷூவோட அடிப்பகுதி அஞ்சாம் நாளே விறைத்து அப்பளம் மாதிரி குறுக்கே உடைந்துவிட்டது. கொடுமை என்னவென்றால், அங்கே இருக்கிற சீனியரும் அதே புத்திமதியைத்தான் சொன்னாராம்: ஒரு சைஸ் பெரிய ஷூ, கம்பளி இன்னர், காட்டன் கூடாது. அறையைச் சூடாக்குகிற புகாரி அடுப்பை எரிய விட்டால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை, இல்லாவிட்டால் அதன் விஷவாயுவில் தூக்கத்திலேயே ஆள் போய்விடும் என்பது மட்டும்தான் அவர் கூடுதலாகச் சொன்னது. ஆக, நம்ம ஆள் சொன்னதெல்லாம் சரி. கொடுத்ததுதான் பொய்.

கடைக்காரருக்குப் போட்டோ அனுப்பினேன். முதல் பதில்: "உள்ளே லேயர் போடலையாக்கா?" அடுத்தது: "பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?" எடுக்கவில்லை. "டேக் கிழிச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது." அப்புறம் குடோன் ஆள் ஊருக்குப் போயிருக்கிறாராம், திங்கட்கிழமை பேசலாமாம். திங்கட்கிழமை அவர் படமே மறைந்துவிட்டது, ஒற்றை டிக்தான் விழுகிறது.

ஆப்பில் புகார் கொடுத்தால், "இந்த ஆர்டர் எங்கள் தளத்தில் பதிவாகவில்லை" என்று ஒரே வரி. மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் அதே வரி. வங்கியில், "நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம் மேடம்." போலீசில், "பொருள் வந்துடுச்சே, தரம் சரியில்லைன்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க." ஆளாளுக்கு அடுத்த வாசலைக் காட்டுகிறார்கள். 14,750 ரூபாய்க்கு நான் எத்தனை வாசல் ஏறுவது? 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறேன், பார்ப்போம்.

தம்பியை அங்கே கூட வேலை பார்க்கிற உள்ளூர்ப் பையன் கார்கில் பஜாருக்குக் கூட்டிப்போய் 6,200 ரூபாய்க்கு ஜாக்கெட்டும் ஷூவும் வாங்கிக் கொடுத்துவிட்டான். அந்த ஊர் ஆட்களே போடுகிற சரக்கு. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

குளிர் ஊருக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆப்பை விட்டு வெளியே பணம் போடாதீர்கள், ஆயிரம் ரூபாய் குறைத்தாலும் சரி, மூவாயிரம் குறைத்தாலும் சரி. இறகு ஜாக்கெட் என்றால் கையால் அமுக்கிப் பாருங்கள், பந்தாகச் சுருங்கி, விட்டதும் தானே உப்ப வேண்டும். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். பணம் போட்டும் பொருளே வராவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். லடாக் போகிறவர்கள், நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். தம்பிக்கு அதைச் சொன்னதும் இதே மகராசன்தான், அதுவும் சரியாகவே இருந்தது!

நேற்று சாயந்திரம் சும்மா அந்த ஆப்பைத் திறந்தேன். வேறு கடைப் பெயரில் லைவில் உட்கார்ந்திருக்கிறார். அதே நீல ஜாக்கெட், அதே செம்பு. யாரோ ஒரு அம்மாவிடம், "பையன் கால் சைஸ் என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.