அலுவலகம் போய்வர 30,000 ரூபாய்க்குள் ரோடு பைக்: எது தாங்கும், எது தாங்காது?

வீட்டிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தொலைவில் அலுவலகம், பூட்டு, விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய், ஓடவேண்டியது சென்னைச் சாலையில் என்ற மூன்று நிபந்தனைகளை வைத்துக்கொண்டே இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், அதற்கு முந்தைய விலைப்பட்டியல்களை நம்பி வண்டியை ஒதுக்கிவிட வேண்டாம். போட்டியில் இருப்பவை நான்கு: வளைந்த கைப்பிடி கொண்ட புதிய ரோடு பைக், நேர்க் கைப்பிடி ஹைப்ரிட், பழைய பாணி கறுப்புச் சைக்கிள், பிறர் ஓட்டி விற்கும் நல்ல ரோடு பைக்.

ரோடு பைக்கின் கவர்ச்சி வேகம்தான். மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டியபின் நம் உழைப்பில் பெரும்பங்கைக் காற்றே தின்றுவிடுகிறது என்பதால், குனிந்து ஓட்டும்போது கிடைக்கும் ஆதாயம் உண்மையானது. ஆனால் அந்த ஆதாயம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும். 10 கிலோமீட்டரை 18 கி.மீ. வேகத்தில் கடக்க 33 நிமிடம் ஆகும், 22 கி.மீ. வேகத்தில் 27 நிமிடம். இந்த ஆறு நிமிடமும் சாலை திறந்து கிடந்தால்தான் கைக்கு வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ அதிகாலைப் பழைய மாமல்லபுரம் சாலையிலோ அது கிடைக்கலாம். அண்ணா சாலையிலோ கோயம்பேட்டுப் பக்கமோ இரண்டு மூன்று சிக்னல்களே அதை விழுங்கிவிடும்.

இந்த விலையில் வேறொரு குறையும் உண்டு. பிரேக்கையும் கியரையும் ஒரே பிடியில் இணைத்துத் தரும் ஷிமானோ கிளாரிஸ் போன்ற அமைப்பு 30,000 ரூபாய்க்குள் புதிய வண்டியில் கிடைப்பது கடினம். ஆகவே மலிவான ரோடு பைக்குகள் பலவற்றில் கியர் நெம்புகோல் பிரேக்கை விட்டுத் தள்ளி இருக்கும். கியர் மாற்ற ஒவ்வொரு முறையும் கையை எடுக்க வேண்டும். இடப்பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ சட்டென்று ஓரங்கட்டும் கணத்தில் கை பிரேக்கின்மேல் இருந்தாக வேண்டும் என்பதை நெரிசலில் ஓட்டுபவர்கள் அறிவார்கள். கைப்பிடியின் மேற்பகுதியிலும் துணைப் பிரேக் பிடி பொருத்தப்பட்டிருந்தால் இக்குறை பாதி தீரும். அப்படி இல்லாத வண்டியை நெரிசல் வழிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கைப்பிடியைவிடவும் முதலில் பார்க்க வேண்டியது டயரின் அகலம். 25 மி.மீ. டயர் நல்ல தார்ச்சாலைக்கு உரியது. மழைநீர் வடிகால் மூடியின் இடுக்கிலும், வெள்ளைக்கோடு போடாத வேகத்தடையிலும் அது ரிம்மை அடிவாங்க விட்டுவிடும், பிறகு மாதத்துக்கொரு முறை கோட்டம் எடுக்கக் கடைக்குப் போக வேண்டியதுதான். 32 மி.மீ. டயரில் சற்றே குறைந்த அழுத்தத்தில் காற்றடித்து ஓட்டினால் வேகம் பெரிதாகக் குறையாது, மணிக்கட்டும் முதுகும் தப்பிக்கும். எனவே 32 மி.மீ. டயரும் அதற்குமேல் மட்கார்டும் நுழைய இடம் இருக்கிறதா, கேரியர் பூட்ட ஃபிரேமில் திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். மடிக்கணினிப் பையை முதுகில் சுமந்து மே மாத வெயிலில் ஓட்டினால், அலுவலகம் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

டியூபின் வால்வையும் கவனியுங்கள். ரோடு பைக்குகளில் பரவலாக வரும் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குத் தெருமுனைப் பஞ்சர் கடையின் காற்றுக்குழாய் பொருந்தாது. பித்தளையில் செய்த சிறு அடாப்டர் ஒன்றை வால்வின் தலையில் திருகினால்தான் காற்று ஏறும். அதை வாங்கிச் சாவிக்கொத்திலேயே மாட்டிவைப்பது நல்லது. பெரும்பாலான ஹைப்ரிட்டுகளில் மோட்டார் சைக்கிளுக்கு உள்ள அதே வகை வால்வு இருப்பதால் பெட்ரோல் பங்கிலேயே காற்று பிடித்துக்கொள்ளலாம்.

ஹைப்ரிட்டின் பலம் இதுபோன்ற சின்னச் சின்ன வசதிகளில்தான் இருக்கிறது. நிமிர்ந்த பார்வை, விரலடியில் பிரேக்கும் கியரும், 35 மி.மீ.யை ஒட்டிய டயர், கேரியருக்கு இடம் ஆகிய எல்லாம் இதே விலைக்குள் அடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரிம் நனைந்தால் ரிம் பிரேக் பிடிக்கச் சற்றுத் தாமதமாகும். டிஸ்க் பிரேக் அந்த வகையில் மேல். ஒரே எச்சரிக்கை, முன்பக்க ஷாக் உள்ள மாடல்களைத் தவிருங்கள். மலிவான ஷாக் எடையைக் கூட்டுகிறது, எழுந்து மிதிக்கும்போது உழைப்பை உறிஞ்சுகிறது, இரண்டு மழைக்காலம் போனால் இறுகியும் விடுகிறது.

கறுப்புச் சைக்கிளை ஏளனமாகப் பார்ப்பது தவறு. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்து இறக்கிய ஹெர்குலிஸ் இந்த ஊரின் பாதி உழைப்பாளிகளைச் சுமந்த வண்டி. செயின் உறை இருப்பதால் பேண்ட்டில் கிரீஸ் படாது. கேரியரும் ஸ்டாண்டும் கூடவே வரும். எந்தக் கடையிலும் பழுது பார்ப்பார்கள். ஆனால் எடை 20 கிலோவை ஒட்டி இருக்கும், கியர் கிடையாது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் ஒரு மிதிக்கு ஏறக்குறைய 5.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர். சமதளத்தில் இது போதும்; எதிர்க்காற்றிலும் மேம்பாலத்திலும் தொடை வலிக்கும். நான்கைந்து கிலோமீட்டருக்குள் அலுவலகம் இருப்பவர் இதையே வாங்கி மிச்சப் பணத்தைச் சேமிக்கலாம்.

பழைய ரோடு பைக் வாங்கினால் 30,000 ரூபாய்க்குக் கிளாரிஸ் தரத்து வண்டியே அமையக்கூடும். அதற்கு ஓர் அங்குல அளவுகோலை எடுத்துக்கொண்டு போங்கள். புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் வரும். அதுவே 12⅛ அங்குலம் நீண்டிருந்தால் செயினோடு பின்பல் சக்கரங்களும் தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேட்க வேண்டும். சீட்டுக் குழாய் அசைகிறதா என்றும் தளர்த்திப் பாருங்கள்; கடற்காற்று படும் ஊரில் அது உப்பேறி இறுகிப்போயிருப்பது சாதாரணம், இறுகியதை உங்கள் உயரத்துக்கு மாற்ற முடியாது. பற்றவைத்த இடங்களில் மயிரிழை விரிசல் தெரிந்தால் பேரமே வேண்டாம்.

நெரிசல் வழியில் செல்பவருக்கு நான் சொல்வது ஷாக் இல்லாத ஹைப்ரிட். வழியில் பாதிக்குமேல் திறந்த சாலை, ஒரு பக்கப் பயணமே 12 கிலோமீட்டரை நெருங்குகிறது என்றால் 32 மி.மீ. டயர் ஏற்கும் ரோடு பைக்கை எடுங்கள், புதிதோ பழையதோ. எதை எடுத்தாலும் 4,000 ரூபாயையாவது தனியே ஒதுக்கி, யு வடிவப் பூட்டு, முன்பின் விளக்குகள், தலைக்கவசம், மட்கார்டு ஆகியவற்றை வண்டியோடு அன்றே வாங்கிவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் முதல் மழையிலேயே முதுகில் சேற்றுக்கோடு விழும்.