நோட்புக்எல்எம்: தமிழ்வழி மாணவர் கையில் எப்படி இருக்கிறது?

கூகுளின் நோட்புக்எல்எம் நாம் ஏற்றும் கோப்புகளை வைத்துக்கொண்டு விடை சொல்லும் கருவி. விடையின் வரிகளுக்கு அருகே சிறு எண் இருக்கும். தொட்டால் மூலப் பத்தி திறக்கும். வகுப்பறைக்கு இந்த எண்தான் பெரிய வரம். "எந்தப் பத்தியில் இருக்கிறது, காட்டு" என்று மாணவரைக் கேட்டுவிடலாம். இலவசக் கணக்கிலேயே ஒரு நோட்புக்கில் 50 கோப்புகள் வரை வைக்கலாம்.

சிக்கல் தமிழ் பி.டி.எஃப்.களில் தொடங்குகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்த கோப்பு கண்ணுக்குத்தான் தமிழ். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். ஏற்றியதும் மூலத்தைத் திறந்து பாருங்கள். குப்பையாகத் தெரிந்தால், பக்கங்களைப் படமாக்கி கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறங்கள். யூனிகோடு எழுத்தாகக் கிடைக்கும். ஒரு கோப்பு 2 எம்.பி.யைத் தாண்டாதபடி பிரித்துக்கொள்ளுங்கள். அதன்பின் மெய்ப்புப் பார்க்காமல் விடக்கூடாது: துணைக்கால் 'ர' ஆகும், அட்டவணை கலையும், 10² என்பது 102 ஆகிவிடும். திருத்தாமல் ஏற்றினால் தவறான விடைக்குப் பழி கருவியின் மேல் விழும்.

இருவர் உரையாடுவதுபோல் பாடத்தைச் சொல்லும் ஒலி வசதி தமிழிலும் உண்டு. கேட்க இதமானது. ஆனால் ஒலியில் அந்தச் சிறு எண் கிடையாது; பிழையைப் பிடிக்க வழியில்லை. பாடம் படித்த பின் மீள்பார்வைக்கு மட்டும் போதும்.

கருவியைப் பற்றி மாணவர் கருத்தை அறிய, ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய 10 வாக்கிய எஸ்.யு.எஸ். (System Usability Scale, ஒரு கருவி கையாள எளிதா என்று அளப்பது) படிவமே போதுமானது. ஒவ்வொன்றுக்கும் 1 (சிறிதும் ஏற்கவில்லை) முதல் 5 (முழுதும் ஏற்கிறேன்) வரை. ஒற்றைப்படை வாக்கியத்தில் மதிப்பெண்ணிலிருந்து 1 கழிக்க வேண்டும், இரட்டைப்படையில் 5இலிருந்து மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும், கூட்டி 2.5ஆல் பெருக்க வேண்டும். 68 சராசரியாகக் கொள்ளப்படுகிறது. ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறை வாக்கியம் என்பதால், படிக்காமல் பத்துக்கும் ஒரே எண்ணைச் சுற்றியவருக்கு எந்த எண்ணானாலும் 50தான் வரும். அந்தத் தாள்களைத் தனியே எடுத்து வையுங்கள். தமிழாக்கத்தில் "சிரமமாக இல்லாமல் இல்லை" போன்ற இரட்டை எதிர்மறை வேண்டாம். "கையாளச் சிரமமாக இருந்தது" என்றே எழுதுங்கள்.

உயர்ந்த எஸ்.யு.எஸ். மதிப்பெண் பாடம் புரிந்ததற்குச் சான்றாகாது. அதே நாளில், கருவியை மூடிவிட்டு, அந்தப் பாடத்திலிருந்து ஐந்து கேள்விகளுக்குக் கையால் விடை எழுதச் சொல்லி, இரண்டையும் மாணவர்வாரியாக அருகருகே வைத்துப் பாருங்கள்.