பேக் வேறு, பேலன்ஸ் வேறு: சென்னையில் ப்ரீபெய்டு சிம்மும் ஒரு படச் செய்தியும்

சென்னையில் சிம் வாங்கி வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதற்கு இன்று யாருக்கும் வழி சொல்லத் தேவையில்லை. ரீசார்ஜ் ஆனதுமே டேட்டா ஓடும். எனக்கு வேண்டியிருந்தது எம்எம்எஸ் என்ற படச் செய்தி. ஹூஸ்டனில் இருக்கும் எங்கள் பெரியம்மாவிடம் மடக்கு போன்தான். அதில் வாட்ஸ்அப் கிடையாது. குறுஞ்செய்தி மாதிரி எண்ணுக்கே வரும் படத்தை மட்டும் திறந்து பார்ப்பார். திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவர். முழங்கால் விடாததால் இனி அவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார்ந்து வர முடியாது. "பார்த்தசாரதி கோயில் குளத்துல தண்ணி இருக்கான்னு ஒரு படம் எடுத்து அனுப்புடி, போதும்" என்றார். அந்த ஒரு படத்துக்காக நான் தெரிந்துகொண்டதையெல்லாம், ஊருக்கு வரப்போகிற மற்றவர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

போனிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022-இல் வந்த 14 முதல் சிம் செருகும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான். இங்கே தெருமுனைக் கடையில் கையில் கொடுப்பதோ பிளாஸ்டிக் சிம். அதனால் விமானம் ஏறும் முன்பே இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, போன் லாக் எடுக்கப்பட்டதா என்பது. தவணையில் வாங்கிய போனில் தவணை முடியாதவரை வேறு நிறுவனத்தின் சிம் பெரும்பாலும் வேலை செய்யாது. இன்னொன்று, தட்டு உள்ள பழைய போன் ஒன்றையும் பெட்டியில் போட்டுக்கொள்வது. ஏன் என்று கீழே வருகிறது.

சிம் வாங்கும்போது என் கணவருக்கும் எனக்கும் நடந்தது இரண்டு விதம். என்னிடம் இந்தியப் பாஸ்போர்ட்டும் ஆதாரும் இருக்கின்றன. தி.நகரில் நிறுவனத்தின் கிளையிலேயே போய் உட்கார்ந்தேன். கைரேகை வைத்து, போட்டோ எடுத்து, வேலை முடிந்தது. கணவருடையது அமெரிக்கப் பாஸ்போர்ட், கூடவே வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை. அவருக்கு இரண்டின் ஜெராக்ஸும் கேட்டார்கள். கூடவே உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரும் எண்ணும் வேண்டும் என்றார்கள். மாமாவின் எண்ணைக் கொடுத்தோம். அவருக்கு ஓடிபி போனது. மாமா அந்த நேரம் பார்த்து உஸ்மான் சாலைக் கூட்டத்தில் இருந்ததால் போனை எடுக்கவே இல்லை, காத்திருந்தோம். யார் எண்ணைக் கொடுக்கப் போகிறீர்களோ அவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

"எதுக்கு இந்தப் பாடு, என் பேர்லயே ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்று சொந்தக்காரர்கள் அன்பாகத்தான் சொல்வார்கள். நான் வேண்டாம் என்று சொன்னேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். அந்த எண்ணில் என்ன நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், எண் அவர் தலையில் இருக்கும்.

பிளாஸ்டிக் சிம்மை இ-சிம்மாக மாற்றுவது தனிப் படலம். முதலில் அந்தச் சிம் ஏதாவது ஒரு போனில் உயிர்பெற வேண்டும். பழைய போன் அதற்குத்தான். பிறகு அந்தச் சிம்மிலிருந்தே நிறுவனத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும், ஏர்டெல் என்றால் 121-க்கு, ஜியோ என்றால் 199-க்கு. எனக்கு ஒரு பதில் செய்தி வந்தது, 1 என்று உடனே பதில் போடச் சொல்லி. அடுத்து சம்மதம் கேட்டு ஓர் அழைப்பு. அதன் பிறகு மின்னஞ்சலில் கியூஆர் குறியீடு. அந்தக் குறியீட்டை அதே போனில் திறந்து வைத்துக்கொண்டு அதே போனின் கேமராவால் ஸ்கேன் செய்ய முடியாது, என் தம்பியின் லேப்டாப்பில் திறந்தோம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. சிம் மாறினால் முதல் 24 மணி நேரம் அந்த எண்ணில் குறுஞ்செய்தி வராது, போகாது. பிளாஸ்டிக்கிலிருந்து இ-சிம்முக்கு மாறுவதும் சிம் மாற்றம்தான். இது தொலைத்தொடர்புத் துறையின் விதி. யாரோ உங்கள் எண்ணுக்கு இன்னொரு சிம் எடுத்து, வங்கி ஓடிபியைப் பிடித்துப் பணத்தை உருவுவதைத் தடுக்க வைத்தது. விதி நல்ல விதி. ஆனால் அந்த ஒரு நாளில் ஓடிபி தேவைப்படும் எந்த வேலையையும் வைத்துக்கொள்ளாதீர்கள். எம்எம்எஸ்ஸும் குறுஞ்செய்தியின் துணையோடு நடப்பதால் அதுவும் அன்று நகராது.

டேட்டா பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தானாக வரவில்லை என்றால், போன் அமைப்புகளில் ஏபிஎன் என்ற இடத்தில் இருக்கும் பெயரைச் சரிபாருங்கள், நிறுவனத்தின் இணையத்துக்குள் போன் நுழையும் வாசல் அது. ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம், ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி மாதிரியான பேக் போட்டிருந்தால் போட்டோ பேக்கப்பை அணைத்து வையுங்கள். கல்யாண வீட்டில் எடுத்த வீடியோக்கள் பின்னாலிருந்து மேலேறிக்கொண்டே இருந்தால் மத்தியானத்துக்குள் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும். நள்ளிரவுக்குப் பிறகுதான் புதுக் கணக்கு.

இனி தலைப்புக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் நம்மில் பலருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. பேக் போட்டால் குறிப்பிட்ட நாட்களுக்கு அழைப்பு, தினமும் இவ்வளவு டேட்டா, தினமும் 100 குறுஞ்செய்தி கிடைக்கும். ஆனால் பேலன்ஸ் பூஜ்யமாகவே இருக்கும். பேக்கில் இல்லாத எதுவும் பேலன்ஸிலிருந்துதான் போகும், அதை டாப்அப் என்று தனியாகப் போட வேண்டும். கல்யாணப் பந்தியில் சாப்பாடு எவ்வளவு வேண்டுமானாலும் போடுவார்கள், வாசலில் பூக்காரம்மாவிடம் முழம் பூ வாங்க உங்கள் பையில் காசு வேண்டும், அது போல.

எது எதற்குப் பேலன்ஸ் வேண்டும்? வெளிநாட்டு அழைப்பு, வெளிநாட்டுக் குறுஞ்செய்தி, எம்எம்எஸ். அந்த 100 குறுஞ்செய்தி உள்நாட்டுக்கு மட்டும். புதுச் சிம் போட்டதும் ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் உயிர்பெற, ஐபோன் உங்களைக் கேட்காமலே வெளிநாட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பும். பேலன்ஸ் பூஜ்யம் என்றால் அது போகாது, 'செயல்படுத்தக் காத்திருக்கிறது' என்றே திரையில் நின்றுகொண்டிருக்கும். 299 ரூபாய்க்குப் பேக் போட்டேனே, ஏன் இது மட்டும் வரவில்லை என்று எத்தனை பேர் தவிக்கிறார்கள் என்பதை நான் கடையிலேயே பார்த்தேன்.

அதை எனக்குப் பிரித்துச் சொன்னது மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனைக் கடைத் தம்பி. ரீசார்ஜ், ஜெராக்ஸ், மெட்ரோ கார்டு உறை, போன் கண்ணாடி ஒட்டுவது எல்லாம் அங்கேதான். அதற்கு முன்னால் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்திருந்தேன். எண் எண்ணாக அழுத்தி ஒருவர் குரல் கிடைத்து, எம்எம்எஸ் என்றதும், "மேடம், வாட்ஸ்அப் யூஸ் பண்ணலாமே" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவரிடம் யாரும் இதைக் கேட்பதே இல்லை போலிருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் இல்லாத முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைச் சென்றடையும் வழி விலைப் பட்டியலில் இருந்துகொண்டு, கேட்டால் சொல்ல ஆளில்லை என்பது எனக்கு வருத்தம். கடைத் தம்பியோ என் போனை வாங்கி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அக்கா, பேக்கு இருக்கு, பேலன்ஸ் இல்ல. நூறு ரூபா டாப்அப் போடவா?" என்றான். நூறு போட்டால் கைக்கு வருவது 81 ரூபாய் 75 காசு. மீதி ஜிஎஸ்டியும் கட்டணமும். பத்து போட்டால் 7 ரூபாய் 47 காசு. ஒரு எம்எம்எஸ் சில ரூபாய்தான் என்பதால் நூறே தாராளம்.

பேலன்ஸ் வந்த பிறகும் மூன்று இடத்தில் சிக்கும். ஆண்ட்ராய்டு போனில் ஏபிஎன் பக்கத்தில் 'ஏபிஎன் வகை' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் எம்எம்எஸ் என்ற சொல்லும் இருக்க வேண்டும். இல்லையென்றால் டேட்டா பறக்கும், படம் மட்டும் நகராது. ஐபோனில் மெசேஜஸ் அமைப்புக்குள் எம்எம்எஸ் பொத்தான் இயங்குகிறதா என்று பாருங்கள். அடுத்தது, வீட்டு வைஃபையில் இருந்தாலும் மொபைல் டேட்டா இயங்க வேண்டும். படம் நிறுவனத்தின் எம்எம்எஸ் நிலையத்துக்குப் போவது அந்த வழியில்தான், பெறுகிறவருக்கும் அப்படியே. அவர் டேட்டாவை அணைத்து வைத்திருந்தால் அவர் பக்கம் படம் இறங்காது. கடைசியாக அளவு. இன்றைய கேமரா எடுக்கும் படம் மூன்று நான்கு எம்பி. எம்எம்எஸ் தாங்குவது சில நூறு கேபி. போனே சுருக்கும் என்றாலும், நான் படத்தை வெட்டிச் சின்னதாக்கித்தான் அனுப்பினேன். ஐபோன் இல்லாத பலரைச் சேர்த்துக் குழுவாகச் செய்தி அனுப்பினால் அதுவும் எம்எம்எஸ் ஆகிவிடும், பேலன்ஸ் கரையும். கவனமாக இருங்கள்.

திருவல்லிக்கேணிக்கு ஒரு காலை வேளையில் போனேன். கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது, அதனால் சன்னதிப் பக்கம் போனை எடுக்கவே நினைக்க வேண்டாம். குளம் வெளியே இருப்பதால் தெருவிலிருந்தே எடுக்கலாம். தண்ணீர் இருந்தது. படிக்கட்டு, நடுவில் நீராழி மண்டபம், பின்னால் வீடுகள், எல்லாம் தெரியும்படி எடுத்தேன்.

முதலில் சோதனையாக என் தம்பிக்கு அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது. பெரியம்மாவின் அமெரிக்க எண்ணுக்கு அனுப்பினேன். 'அனுப்பப்பட்டது' என்று என் திரையில் வந்தது, அவருக்கு ஒன்றும் வரவில்லை. மறுபடி அனுப்பியும் வரவில்லை. படச் செய்தி நாடு விட்டு நாடு போக வேண்டுமானால் இரண்டு பக்க நிறுவனங்களுக்கும் இடையே அதற்கென்று இணைப்பு இருக்க வேண்டும். என் சென்னை எண்ணுக்கும் அவர் எண்ணுக்கும் நடுவே வழி திறந்திருக்கவில்லை.

வழி என் அமெரிக்க எண்ணிலேயே இருந்தது. ஒரே போனில் இரண்டு இ-சிம்மும் இயங்கும். அமெரிக்க எண்ணில், அழைப்பும் செய்தியும் வைஃபை வழியாகவே போக விடும் வைஃபை காலிங்கை இயக்கினேன், அதன் டேட்டா ரோமிங்கை அணைத்தே வைத்தேன், அம்மா வீட்டு வைஃபையில் நின்று அந்த எண்ணிலிருந்து அனுப்பினேன். படம் போனது. பெரியம்மா அழைத்து, மண்டபத்துக்கு இடது பக்கம் அந்த மாடி வீடு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். மறுநாள் அதையும் போய் எடுத்து அனுப்பினேன். வைஃபை காலிங்கில் படச் செய்தியை எல்லா அமெரிக்க நிறுவனங்களும் ஒரே மாதிரி அனுப்புவதில்லை, அதனால் கிளம்பும் முன் உங்கள் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். வைஃபை காலிங்கை அமெரிக்காவில் இருக்கும்போதே ஒருமுறை இயக்கி, அவசர உதவி முகவரியையும் பதிந்து வைப்பது நல்லது.

திரும்பும்போது எண்ணை என்ன செய்வது? பேக் காலம் முடிந்ததும் வெளியே அழைக்க முடியாது. ஆனால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிப்படி 90 நாள் பயன்படுத்தாமல் இருந்தால்தான் எண்ணை எடுக்கலாம். அப்போதும் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் விட வேண்டும். இங்கேயும் பேலன்ஸ்தான் காப்பாற்றுகிறது. நான் எண்ணை வைத்துக்கொள்கிறேன், தம்பி அங்கிருந்தே ரீசார்ஜ் செய்வான். வங்கி ஓடிபிக்காக வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன்பே இன்டர்நேஷனல் ரோமிங்கை இயக்கிக்கொள்ளுங்கள். யுபிஐக்காக மட்டும் என்றால் இந்திய எண் கட்டாயமில்லை. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, பிரிட்டன், வளைகுடா நாடுகள் சிலவற்றின் எண்களோடு, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கை இணைக்க 2023 முதல் அனுமதி உண்டு. உங்கள் வங்கி தருகிறதா என்று கேளுங்கள்.

ஊரில் பெரியவர்கள் இருக்கும் எல்லோரும் கிளம்புவதற்குள் இன்னொரு வேலையையும் செய்துவிடுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஓர் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால், அதே ஆள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று காட்டும். அம்மாவின் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அவர் பெயரில் எங்களுக்குத் தெரியாத ஓர் எண் இருந்தது. 'இது என் எண் இல்லை' என்று குறித்துப் புகார் பதிந்தேன், புகார் எண்ணைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன்.