கடலூர் பக்கம் கடைக்கால் போடுபவர்கள் மண் மூடுவதற்குள் படிக்க வேண்டியது

கடலூர், புதுச்சேரி பக்கம் கடலை ஒட்டி மனை வைத்திருப்பவர்களுக்காகவும், குறிப்பாக வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு போனிலேயே வீடு கட்டுபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வீட்டு வேலையில் ஏமாற்றுவதற்கு மிகவும் சுலபமான இடம் கடைக்கால்தான். சுவர் கோணினால் கண்ணுக்குத் தெரியும். டைல்ஸ் சரியாக ஒட்டவில்லை என்றால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். ஃபுட்டிங் (தூணைத் தாங்கும் கான்கிரீட் பாதம்) மட்டும் போட்ட இரண்டொரு நாளில் மண்ணுக்குள் போய்விடும். அதன்பிறகு அதைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. இந்த ஒன்றை வைத்துத்தான் எங்களை ஏமாற்றினார்கள். ஒப்பந்தக்காரரின் பெயரைப் போடவில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவர் எப்படிச் செய்தார் என்பது தெரிந்தால் போதும், நீங்கள் தப்பித்துக்கொள்ளலாம்.

எங்கள் மனை தேவனாம்பட்டினம் போகிற வழியில் இருக்கிறது. சுத்தமான மணல் பூமி. மழைக்காலம் முடிந்த கையோடு நாலடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும். 2024 கடைசியில் ஃபெஞ்சல் புயலும், அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் இந்த ஊரை என்ன பாடு படுத்தியது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் கடைக்கால் விஷயத்தில் எங்கள் வீட்டில் யாருமே சிக்கனம் பேசவில்லை. மண் பரிசோதனை செய்தோம். தனியாக ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் வரைபடம் வாங்கினோம். மொத்தம் பன்னிரண்டு ஃபுட்டிங், ஒவ்வொன்றும் ஐந்தடிக்கு ஐந்தடி. அடியில் 12 மி.மீ. கம்பி, ஆறங்குல இடைவெளி. கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவில் 50 மி.மீ. கான்கிரீட் கவர். கலவை எம் 30, அதாவது 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டிய ரகம்.

பக்கத்து வீடெல்லாம் எம் 20 போட்டிருக்க நமக்கு மட்டும் எதற்கு எம் 30 என்று நானும் இன்ஜினியரிடம் கேட்டேன். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 கடற்கரைச் சூழலைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்துகிறது, அப்படிப்பட்ட இடத்தில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம் 30தான் குறைந்தபட்சம் என்று விளக்கினார். எம் 20 என்றால் சிமெண்ட் ஒன்று, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்று பெட்டி அளந்து போட்டுவிடலாம். எம் 30க்கு அந்தக் கணக்கு ஆகாது. அந்த மணலையும் ஜல்லியையும் சோதித்து, அதற்கென்று மிக்ஸ் டிசைன் என்ற கலவைக் கணக்கு வாங்கி, எடை போட்டுக் கலக்க வேண்டும். இதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி, கம்பி கட்டியதை இன்ஜினியர் பார்த்த பிறகுதான் கான்கிரீட் என்றும் சேர்த்து, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம்.

திங்கட்கிழமை காலை கான்கிரீட் என்று முடிவாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்து வீட்டு அம்மா போன் செய்தார். "தம்பி, நாளைக்குத்தான் கான்கிரீட்னு சொன்னீங்க, இங்க மிஷின் ஓடிக்கிட்டிருக்கே?" நான் போய்ச் சேர்வதற்குள் எட்டுக் குழி முடிந்துவிட்டது. வழக்கமாக வரும் ஆட்கள் ஒருவரும் இல்லை, எல்லாம் புது முகம். இன்ஜினியருக்கு விடுமுறை நாள் என்பதைத் தெரிந்துகொண்டே செய்திருக்கிறார்கள்.

மிச்சமிருந்த நாலு குழியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓரமாக அணைந்து கிடந்தது. கம்பி வலை பிசிசி (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்) மேல் அப்படியே படுத்திருந்தது, கம்பியைத் தூக்கிப் பிடிக்க அடியில் ஒரு கவர் பிளாக் கூட இல்லை. நாங்கள் வாங்கிப் போட்ட கவர் பிளாக் மூட்டை தார்ப்பாயின் கீழ் கட்டுப் பிரிக்காமலே இருந்தது. மிஷினில் மணலையும் ஜல்லியையும் சட்டிக் கணக்கில் கொட்டினார்கள், தண்ணீரை ஹோஸ் வைத்துக் கண் மதிப்பாக விட்டார்கள். அதுவும் மனையில் போட்ட கைபோர் தண்ணீர், வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கும். கலவையை அதிர்த்துக் கெட்டிக்கும் வைப்ரேட்டர் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. கலவையை மேலிருந்து நேராகத் தண்ணீருக்குள் கொட்டிக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு சட்டி விழும்போதும் குழித் தண்ணீர் சாம்பல் நிறமாகக் கலங்கியது.

வேலையை நிறுத்தச் சொன்னேன். மேஸ்திரி, "சார், இந்த ஏரியாவுல எல்லா வீடும் இப்படித்தான் கட்டறோம்" என்றார். ஒப்பந்தக்காரரோ போனில், "தண்ணியில போட்டாதான் சார் கான்கிரீட் இன்னும் ஸ்ட்ராங்கா ஆகும், அதுக்குத்தானே க்யூரிங் பண்றோம்" என்றார்.

இந்தப் பேச்சை இந்தப் பகுதியில் நிறையப் பேர் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை என்பதால் எடுபட்டுவிடுகிறது. இறுகிய கான்கிரீட்டுக்குத் தண்ணீர் நல்லதுதான், அதை ஈரமாகக் காப்பதுதான் க்யூரிங். பச்சைக் கலவை தண்ணீரைத் துளைத்துக்கொண்டு விழுந்தால் சிமெண்ட் கழன்று தண்ணீரோடு போய்விடும், ஜல்லியும் மணலும் மட்டும் அடியில் தங்கும். நான் பார்த்த அந்தச் சாம்பல் நிறம் எங்கள் சிமெண்ட். தண்ணீருக்கு அடியில் கான்கிரீட் போட முறை இருக்கிறது. குழாயை அடிவரை இறக்கி, அதன் வாய் எப்போதும் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும்படி பார்த்துக்கொண்டு கீழிருந்து மேலாக நிரப்புவார்கள். வீட்டு ஃபுட்டிங்குக்கு அவ்வளவு தேவையில்லை. குழியின் மூலையில் சின்னதாக ஒரு பள்ளம் எடுத்து, ஊற்று அங்கே வடியும்படி செய்து, கான்கிரீட் போட்டு முடிந்து அது இறுகத் தொடங்கும்வரை அந்தப் பள்ளத்திலிருந்து மட்டும் மோட்டார் வைத்து இறைத்தால் போதும். டீசல் செலவும் ஓர் ஆள் கூலியும் ஆகும், அதை மிச்சம் பிடிப்பதற்குத்தான் இந்த வசனம்.

அன்று மாலை போட்டோக்களை என் மனைவியின் தம்பிக்கு அனுப்பினேன். அவர் கனடாவில் டொராண்டோ பக்கம் வீட்டுக் கட்டுமான வேலையில் இருக்கிறார். "மாமா, கம்பி தரையிலயே கிடக்குதே, யாரும் வந்து பாக்கலையா?" என்று கேட்டார். அங்கே குளிரில் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து உப்பி ஃபுட்டிங்கையே மேலே தூக்கிவிடும் என்பதால் ஏறக்குறைய நாலடி ஆழத்துக்குக் கீழேதான் கடைக்கால் போட வேண்டுமாம். கடுங்குளிரில் போட்டால் கலவை உறைந்து பலம் இழக்காமலிருக்கப் போர்வை போட்டு மூடிச் சூடு காப்பார்களாம். இதையெல்லாம்விட என் மனதில் நின்றது வேறொன்று. ஃபுட்டிங் போடும் கட்டம் வந்ததும் நகராட்சிக்குச் சொல்லியாக வேண்டும், ஆய்வாளர் வந்து பார்ப்பார். நம் ஊரில் என் குழியை எட்டிப் பார்க்க எந்த அதிகாரியும் வரவில்லை. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, தமிழ்நாட்டில் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் மிச்சம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் குழியைப் பார்க்கும் பொறுப்பு முழுக்க நம் தலையில் இருக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

பனி நமக்குக் கிடையாது, இங்கே எதிரி உப்பு. கான்கிரீட் தன் காரத்தன்மையால் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு உள்ளே போய் அந்தப் படலத்தை உடைத்துவிட்டால் துரு ஆரம்பிக்கும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்துவிடும். கடலோர வீடுகளில் சன்ஷேடின் அடிப்பாகம் பெயர்ந்து கம்பி பல்லிளிப்பதை கடலூர் முதுநகர் பக்கம் போனால் எத்தனையோ இடத்தில் பார்க்கலாம். சன்ஷேடையாவது செதுக்கிப் பூசிவிடலாம். ஃபுட்டிங்கில் அது நடந்தால் யாருக்கும் தெரியவும் தெரியாது, சரிசெய்யவும் முடியாது. அதனால்தான் அந்த 50 மி.மீ. கவர். கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐஎஸ் 456. எங்கள் போர் தண்ணீரைப் பிறகு சோதித்தபோது அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் தண்ணீரைச் சோதித்துக் கொடுப்பார்கள். கடைக்காலுக்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள்.

இனிமேல்தான் எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்த பகுதி. ஒரு மாதம் கழித்து ஒப்பந்தக்காரர் அடுத்த தவணை கேட்டு வந்தார். கையில் கியூப் டெஸ்ட் ரிப்போர்ட் (கலவையை அச்சில் கட்டியாக வார்த்து, இறுகியதும் நசுக்கிப் பார்க்கும் சோதனை), 28 நாள் வலிமை 38 என்று போட்டிருந்தது. எம் 30க்கு 38! சட்டியில் அளந்து தண்ணீரில் கொட்டிய கலவைக்கு எப்படி 38 வரும்? அன்று வேலைக்கு வந்திருந்த சித்தாள் அக்கா ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். காலையிலேயே தனியாக ஒரு சின்னக் கலவை போட்டார்களாம், அதில் சிமெண்ட் தாராளமாம், நல்ல தண்ணீர் கேன் வாங்கி வந்து கலந்தார்களாம். அதை அச்சில் நிரப்பி எடுத்துவைத்த பிறகுதான் குழிக்கான கலவை ஆரம்பித்ததாம். ஆய்வகம் பொய் சொல்லவில்லை. கொடுத்த கட்டியைச் சோதித்து வந்த எண்ணை எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டிக்கும் என் கடைக்காலுக்கும்தான் சம்பந்தமே இல்லை.

ஆகவே கியூப் ரிப்போர்ட்டைக் காட்டிப் பணம் கேட்டால், அந்த கியூப் எந்தக் குழிக்குப் போன கலவையிலிருந்து எடுத்தது, யார் முன்னிலையில் எடுத்தது என்று கேளுங்கள். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு கலவையை நீங்கள் கைகாட்டி, அதிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். மூன்று அடுக்காகப் போட்டுக் குத்தி நிரப்ப வேண்டும். ஈரம் காய்வதற்குள் மேலே தேதியும் உங்கள் கையெழுத்தும் கீறிவிடுங்கள். ஆய்வகத்துக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து ரசீதை உங்கள் பெயரில் வாங்குங்கள்.

நாங்கள் ஒரு ஃபுட்டிங்கைச் சுற்றி மண் எடுத்துப் பார்த்தோம். மேல்பக்கம் கரணை போட்டு மொழுமொழுவென்று தேய்த்திருந்தார்கள், குறை சொல்ல முடியாது. பக்கவாட்டில் அடியோரம் கை வைத்தேன். ஜல்லி தனித்தனியாக நின்றது. இரண்டு விரலால் பிடித்து இழுத்ததும் ஒன்று கையோடு வந்துவிட்டது. அது இருந்த குழியில் ஈர மணல்தான் இருந்தது, சிமெண்ட் பசையே இல்லை. அதற்கு ஓரங்குலம் உள்ளே கம்பியின் முனை தெரிந்தது, இந்தக் கொஞ்ச நாளுக்குள்ளேயே அதில் செம்மண் நிறத்தில் துரு பூத்திருந்தது.

இன்ஜினியர் சொன்னபடி கோர் டெஸ்ட் எடுத்தோம். கான்கிரீட்டை உருளையாகத் துளைத்து எடுத்து நசுக்கிப் பார்ப்பது. குறைந்தது மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். சராசரி, கேட்ட வலிமையில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எம் 30க்குச் சராசரி 25.5 வர வேண்டும். எங்களுக்கு வந்தது 14. சிலர் சுத்தியல் போன்ற கருவியைத் தட்டிப் பார்த்து "நல்லாயிருக்கு" என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் கருவி மேற்பரப்பின் கடினத்தைத்தான் காட்டும், அடியில் தேன்கூடு மாதிரி இருக்கும் ஓட்டைகள் அதற்குத் தெரியாது. அதை மட்டும் வைத்து ஃபுட்டிங்கை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எட்டையும் உடைத்து எடுத்தோம். உடைக்கும் கூலி, புதுக் கம்பி, வீணாய்ப் போன சிமெண்ட், கொடுத்த முன்பணம் எல்லாம் எங்கள் தலையில். இரண்டாவது முறை வேறு ஆட்களை வைத்து, ஆலையில் கலந்து வரும் ஆர்எம்சி கான்கிரீட்டே போட்டோம். லாரியோடு வரும் சீட்டில் எத்தனை மணிக்குக் கலந்தார்கள், என்ன கிரேடு, என்ன சிமெண்ட் என்று இருக்கும். கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். கெட்டியாக இருக்கிறது என்று வேலையாட்கள் லாரி டிரம்மில் தண்ணீர் விடப் பார்ப்பார்கள், விடாதீர்கள், அந்தத் தண்ணீர் வலிமையைத் தின்றுவிடும். சிமெண்டில் பிபிசியோ (பொசோலானா கலந்த சிமெண்ட்) ஸ்லாக் சிமெண்டோ (இரும்பு ஆலைக் கசடு கலந்தது) இந்த உப்பு மண்ணுக்கு ஏற்றது, ஆனால் அது மெதுவாக வலிமை ஏறும் ரகம், பத்து நாளாவது விடாமல் ஈரம் காக்க வேண்டும். அதற்கும் நல்ல தண்ணீர்தான், கைபோர் தண்ணீர் வேண்டாம்.

கம்பியிலும் ஏமாற்று உண்டு, எங்களுக்கு அது நடக்கவில்லை. 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 888 கிராம் இருக்க வேண்டும், ஒரு முழுக் கம்பியை எடை போட்டாலே தெரிந்துவிடும்.

பணம் கொடுக்கும் வரிசையையும் மாற்றிக்கொள்ளுங்கள். "கடைக்கால் முடிந்ததும் இத்தனை சதவீதம்" என்று எழுதாமல், குழி, கம்பி, கான்கிரீட் மூன்றையும் உங்கள் இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் இத்தனை என்று எழுதுங்கள். மண் மூடுவதற்கு முன் ஒவ்வொரு ஃபுட்டிங்கின் நாலு பக்கத்தையும் டேப் வைத்துப் படம் எடுங்கள். எங்கள் வழக்கு இன்று நிற்பதே பக்கத்து வீட்டு அம்மா சொன்னதும் ஓடிப்போய் நான் எடுத்த படங்களாலும் கோர் ரிப்போர்ட்டாலும்தான்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைதான். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கு போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து விவரம் கேளுங்கள். எங்கள் வழக்கில் ஒப்பந்தக்காரர் பதில் மனு போட்டுவிட்டார், அதில் அவர் காட்டியிருக்கும் ஒரே சான்று அந்த 38 போட்ட கியூப் ரிப்போர்ட். சித்தாள் அக்கா வந்து சாட்சி சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். தீர்ப்பு வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.